ஏற்றுமதிச் சலுகைகள்: பெறுவோரும் தருவோரும்

ஏற்றுமதி செய்வோர்க்கு அரசாங்கம் அளிக்கும் சலுகைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பெறுவோர் பக்கம் நின்றே எழுதுகின்றனர். எத்தனை ஆலைகள் எழுந்தன, எத்தனை கப்பல்கள் நிரம்பின, அந்நியச் செலாவணி எவ்வளவு சேர்ந்தது என்னும் வினாக்களுக்கு அவ்வெழுத்துகளில் விடை உண்டு. சலுகைக்குரிய பொருள் எவருடைய மடியிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் வினா எழுவதே அரிது. இது புதிய வழக்கமும் அன்று. முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று புகழப் பெற்றான். வணிகர் மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. சுங்கம் நின்றபின் அரண்மனையின் வருவாய்க் குறையை நிரப்பியவர் வணிகரா உழவரா என்பதை அந்தப் பட்டப்பெயர் சொல்வதில்லை.

உலக வங்கி 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிழக்கு ஆசிய அற்புதம்' என்னும் அறிக்கை, விரைந்து வளர்ந்த எட்டு ஆசியப் பொருளாதாரங்களுள் ஒன்றாக மலேசியாவை எண்ணியது. ஏற்றுமதியை ஊக்குவித்த கொள்கைகளை அவ்வளர்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. அறிக்கை கூறுவது பொய்யன்று. ஆயினும் அது கணக்கேட்டின் வரவுப் பக்கம் மட்டுமே. செலவுப் பக்கத்தையும் படிக்க விரும்புவோர்க்கு ஜொகூர் மாநிலம் ஏற்றதோர் ஏடாகும். ஏற்றுமதிப் பயிரை வளர்ப்பதற்காக ஆட்சியாளர் உரிமைகளை வாரி வழங்கிய வரலாறு அங்கே ஏறத்தாழ 180 ஆண்டுப் பழைமையுடையது.

அவ்வரலாறு கம்பீரில் தொடங்குகிறது. கம்பீர் என்பது ஒரு கொடியின் இலையைக் காய்ச்சி எடுக்கும் துவர்ப்புச் சத்து. வெற்றிலையோடு மெல்லுதற்கும், தோல் பதனிடுதற்கும், சாயத் தொழிலுக்கும் அது வேண்டப்பட்டது. சிங்கப்பூரில் கம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனத் தோட்டக்காரர், அங்கே மண்வளம் குன்றவே நீரிணையைக் கடந்து புதிய காடு தேடினர். தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் 1844-ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கு ஆற்றுச் சீட்டுகளை வழங்கலானார். மலாய் மொழியில் இதற்குச் 'சூராட் சுங்கை' என்று பெயர். சீட்டைப் பெற்றவர் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் தலைவராகிய காங்சூ ஆவார். காட்டை அழித்துக் கம்பீர் பயிரிடுவிப்பது அவர் கடமை. அதற்கு ஈடாக அபின் விற்றல், சாராயம் விற்றல், சூதாட்டக் கூடம் நடத்துதல், அடகுக் கடை வைத்தல் ஆகியவற்றுக்கான தனியுரிமை அவருக்குக் கிடைத்தது. காங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்தின் எச்சங்கள்.

இந்தச் சலுகைக்கு விலை கொடுத்தவர் யார்? தெமெங்கோங் தம் கருவூலத்தைத் திறந்து ஒரு காசும் கொடுக்கவில்லை. கொடுத்தவர் கம்பீர் வயலில் இலை கொய்த கூலியாள். அவர் பகலில் ஈட்டிய கூலி, இரவில் காங்சூவின் அபின் கடைக்கே திரும்பிச் சென்றது. கம்பீர் விலை சரிந்த ஆண்டுகளிலும் தோட்டம் நடத்துவோர் பிழைத்துக்கொள்ள முடிந்தமைக்கு இதுவே காரணம். விற்பனையில் குறைந்ததை அபின் லாபம் நிரப்பிற்று. ஆட்சியின் வருவாயிலும் அபின் குத்தகைக்குப் பெரும் பங்கு இருந்தது. அமெரிக்க வரலாற்றறிஞர் கார்ல் டிராக்கி, ஜொகூர் தெமெங்கோங்குகளைப் பற்றி 1979-இல் வெளியான தம் நூலிலும் அதன் பின்னர் எழுதியவற்றிலும், கம்பீருக்கும் அபினுக்கும் இருந்த இந்தப் பிணைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார். காங்சூ உரிமைகள் 1917-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது; கம்பீர்க் காடுகள் மறைந்துவிட்டன.

அபின் போயிற்று; அந்த முறையின் உட்கூறு போகவில்லை. ஏற்றுமதியாளருக்கு ஒரு நன்மை தரப்படும். அதற்குரிய பொருளைக் கருவூலம் தராது. அதே தொழிலில் கீழ்ப்படியில் நிற்பவர் தருவார். அவர் தருவது எந்தக் கணக்கிலும் பதியப்படாது. பிற்காலச் சலுகைகளுள் எவை இந்த இனத்தைச் சேர்ந்தவை, எவை சேராதவை என்று பிரித்துப் பார்ப்பதே பயனுள்ள ஆராய்ச்சி.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் பல. 1958-ஆம் ஆண்டு முன்னோடித் தொழில்கள் சட்டம் புதுத் தொழில்களுக்குச் சில ஆண்டுகள் வருமான வரியை விலக்கியது. ஆனால் அது பெரிதும் உள்நாட்டுச் சந்தையைக் கருதியது. ஏற்றுமதியின் மீது அரசாங்கத்தின் கண் திரும்பியதை 1968-ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தில் காணலாம். ஏற்றுமதிக்கென்று ஒரு கழிவு, இயந்திரங்களின் தேய்மானத்தை விரைவில் எழுதிக்கொள்ளும் உரிமை, வெளிநாட்டு விளம்பரச் செலவுக்குக் கழிவு ஆகியவை அதில் இடம் பெற்றன. 1971-இல் தீர்வையற்ற வாணிக வட்டாரங்களுக்கான சட்டமும், 1977-இல் ஏற்றுமதிக் கடன் காப்புறுதி நிறுவனமும், 1986-இல் முதலீட்டு மேம்பாட்டுச் சட்டமும் வந்தன. ஜொகூரில் பாசிர் கூடாங் துறைமுகம் 1977-இல் இயங்கத் தொடங்கியது. தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம், மார்ஸ்க் கப்பல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரை விட்டு அங்கே வந்தபோது உலகப் பெயர் பெற்றது. இவற்றுக்கான செலவைக் கருவூலம் ஏற்றது. வரி செலுத்துவோர் அனைவரும் சிறிது சிறிதாகத் தாங்கினர். மின்னணு ஆலைகள் மூலப்பொருளைத் தீர்வையின்றி இறக்கிப் பொருத்தி ஏற்றுமதி செய்ததில் உள்நாட்டுத் தொழில்களோடு உறவு குறைவாகவே இருந்தது என்ற குறை உண்டு. எனினும் இவை ஒரு குறிப்பிட்ட ஏழையின் பையிலிருந்து நேரே எடுக்கப்பட்டவை அல்ல. ஆகவே இவற்றை இவ்வளவில் விட்டுச் செம்பனைக்கு வருவது பொருந்தும்.

செம்பனை எண்ணெய் 1970-களின் முற்பகுதி வரை பெரும்பாலும் கச்சா நிலையிலேயே மலேசியாவை விட்டுச் சென்றது. அதைச் சுத்திகரித்து விற்ற லாபம் ஐரோப்பிய ஆலைகளுக்குப் போயிற்று. ஐரோப்பிய நாடுகள் கச்சா எண்ணெய்க்குக் குறைந்த தீர்வையும் சுத்திகரித்த எண்ணெய்க்கு மிகுந்த தீர்வையும் விதித்து, அந்த லாபத்தைத் தமக்கே வைத்துக்கொண்டன. இதற்கு மலேசியா கண்ட மாற்று எளியது. 1970-களின் நடுப்பகுதியில் கச்சா எண்ணெயின் ஏற்றுமதித் தீர்வை அப்படியே இருக்க, பதப்படுத்திய எண்ணெய்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அமிலம் நீக்கி, நிறம் நீக்கி, மணம் நீக்கி, பின்னர் திரவப் பகுதியையும் கெட்டிப் பகுதியையும் பிரித்தெடுத்தல் என ஒவ்வொரு படியும் ஏற ஏறத் தீர்வை இறங்கிற்று. பத்தாண்டுக்குள் மலேசிய எண்ணெயின் பெரும் பகுதி பதப்படுத்தப்பட்டே கப்பலேறும் நிலை வந்தது. பாசிர் கூடாங் உலகின் பெரிய சமையல் எண்ணெய்த் துறைகளுள் ஒன்றாயிற்று. ஒரு வளரும் நாடு மூலப்பொருள் விற்பனையை விட்டு மேலேறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இந்தக் கொள்கையைக் குறைகூறுவோர் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அது வேலை செய்யும் விதத்தைப் பார்க்கலாம். கச்சா எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்றால் தீர்வை கட்ட வேண்டும். ஆகவே உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைக்காரர் உலக விலையைத் தர வேண்டுவதில்லை. உலக விலையிலிருந்து தீர்வையைக் கழித்துக்கொண்டு தந்தால் போதும். விற்பவருக்கு வேறு வழி இல்லை. உள்நாட்டில் கச்சா எண்ணெய் விலை எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவுக்குச் செம்பனைக் குலையின் விலையும் இறங்கும். ஏனெனில் குலையின் விலை, அதிலிருந்து கிடைக்கும் எண்ணெயின் உள்நாட்டு விலையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது. 2024 நவம்பர் 1 முதல் கச்சா எண்ணெய் ஏற்றுமதித் தீர்வையின் மேல்வரம்பு 8 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. உலக விலை டன்னுக்கு 4,200 வெள்ளி என்று கொள்க. தீர்வை 420 வெள்ளி. உள்நாட்டு விலை 3,780 வெள்ளி. குலையில் எண்ணெய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு டன் குலைக்குக் கழிவது 84 வெள்ளி. பெல்டா குடியேற்றக்காரர் ஒருவரின் 10 ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு 64 டன் குலை விளைகிறது என்று கொண்டால், அவர் இழப்பது 5,376 வெள்ளி. 2025-இல் நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல்.

இதை மறுப்போர் உண்டு. தீர்வையை நீக்கினால் கச்சா எண்ணெய் மிகுதியாகச் சந்தைக்கு வந்து உலக விலையே இறங்கும். ஆதலால் 84 வெள்ளியும் முழுதாகத் திரும்பி வராது என்பர். ஓரளவு உண்மைதான். ஆனால் செம்பனை எண்ணெய் சந்தையில் தனித்து நிற்கவில்லை. சோயா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அருகிலேயே நிற்கின்றன. வெளிநாட்டு வாங்குநர் மீது தீர்வையைச் சுமத்தும் வலிமை விற்பவருக்குக் குறைவு. சுமையின் பெரும் பகுதி விளைவிப்பவர் மீதே விழும்.

இந்தத் தீர்வையின் தனித்தன்மை ஒன்று உண்டு. ஏற்றுமதியில் பெரும் பகுதி பதப்படுத்திய எண்ணெயாகிவிட்டமையால், தீர்வை கட்டிக் கப்பலேறும் கச்சா எண்ணெய் சிறிதளவே. விளைவிப்பவர் ஒவ்வொரு டன்னுக்கும் தீர்வையின் சுமையை ஏற்கிறார். கருவூலத்துக்கு வருவதோ சில டன்களுக்கான தீர்வை மட்டும். எஞ்சிய தொகை விலை வேற்றுமையாக ஆலைக்குப் போய்ச் சேருகிறது. அரசாங்கம் வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஆதலால் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு வரியும் இல்லை; நாடாளுமன்றத்தில் அதற்கென வாக்கெடுப்பும் இல்லை. காங்சூவின் அபின் கடையோடு இதை ஒப்பிடுவது கடுமையாகத் தோன்றலாம். அபின் ஆளைக் கொன்றது; தீர்வை அப்படிச் செய்வதில்லை. ஒப்புமை கணக்கு முறையில் மட்டுமே உள்ளது.

ஆலைக்காரர் எல்லாரும் இதனால் கொழுத்துவிட்டனர் என்பதும் சரியன்று. சலுகையைக் கண்டு ஆலைகள் வரம்பு மீறி எழுந்தன. 1980-களில் நாட்டில் கிடைத்த கச்சா எண்ணெயைக் காட்டிலும் ஆலைகளின் கொள்ளளவு மிகுந்தது. ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டு விலையைக் குறைத்து விற்றனர். அவ்வாறாயின், தோட்டத்தில் கழிக்கப்பட்ட காசில் ஒரு பகுதி அயல்நாட்டுச் சமையலறைகளுக்கு மலிவு எண்ணெயாகப் போயிற்று என்றுதான் கொள்ள வேண்டும். சிகாமட்டில் குலை அறுத்தவர் கராச்சியில் பலகாரம் சுட்டவருக்கு உதவினார்! தாமறியாது செய்த தருமம் அது.

பெரிய நிறுவனங்களுக்கு இதில் துன்பம் குறைவு. தோட்டமும் அவர்களுடையது, ஆலையும் அவர்களுடையது. இடப் பையில் குறைவது வலப் பையில் சேரும். வலப் பை இல்லாதவர் மூவர். முதலாமவர் சிறு தோட்டக்காரர். இரண்டாமவர், ஆலை வைத்துக்கொள்ளாமல் தோட்டம் மட்டும் நடத்தும் நிறுவனத்தார். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் நடுத்தெருவில் நின்ற காலத்தில், துன் சம்பந்தனார் முயற்சியால் 1960-இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்களும் குலை விலையின் ஏற்ற இறக்கத்தை அறிந்தவர்களே. மூன்றாமவர் தொழிலாளர். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாப்பா எனப்படும் தோட்ட முதலாளிகள் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில், கூலியின் ஒரு பகுதி விளைபொருளின் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. விலை ஏறினால் கூலி ஏறும் என்று ஆறுதல் சொல்லப்பட்டது. அந்த விலையின் தலையில் ஒரு கை அழுத்திக்கொண்டிருந்ததைச் சொன்னவர் சிலரே. சுத்திகரிப்பு ஆலையில் இயந்திரம் மிகுதி, ஆள் குறைவு. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கெல்லாம் அங்கே இடம் இருந்ததில்லை.

அண்டை நாட்டில் இந்த உண்மை ஒரு மாதத்திலேயே வெளிப்பட்டது. இந்தோனேசியா 2011-இல் கச்சா எண்ணெய்க்கும் பதப்படுத்திய எண்ணெய்க்கும் இடையிலிருந்த தீர்வை வேற்றுமையை விரித்தது. அதன் ஆலைகளோடு போட்டியிட முடியாமல் மலேசிய ஆலைகள் முறையிட்டன. மலேசியா 2013 சனவரி முதல் தன் தீர்வை முறையை மாற்றி, அதுவரை சில நிறுவனங்களுக்குத் தரப்பட்டிருந்த தீர்வையில்லாக் கச்சா ஏற்றுமதி அளவுகளையும் நீக்கியது. 2022 ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதிக்கே தடை விதித்தது. மே 23-இல் நீக்கியது. அந்த மூன்றரை வாரத்தில் குலை விலை சரிந்து, சிறு விவசாயிகள் ஜக்கார்த்தாவில் தெருவில் இறங்கிப் போராடினர். எண்ணெயை நாட்டுக்குள் அடைத்தால் எவர் தலையில் இடி விழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. தடை செய்ததைத் தீர்வை மெதுவாகச் செய்கிறது.

வெளிநாட்டாரும் இதைக் கவனியாமல் இல்லை. இந்தோனேசியக் கச்சா எண்ணெயின் ஏற்றுமதித் தீர்வை அந்நாட்டு உயிரி டீசல் ஆலைகளுக்கு மலிவு மூலப்பொருளைத் தருகிறது. ஆகவே அது மானியமே என்று வாதித்த ஐரோப்பிய ஒன்றியம், 2019 டிசம்பரில் அந்த டீசலுக்கு 8 முதல் 18 விழுக்காடு வரை எதிர்த் தீர்வை விதித்தது. வழக்கு உலக வணிக அமைப்புக்குச் சென்றது. 2025-இல் நடுவர் குழு முக்கியக் கூறுகளில் இந்தோனேசியாவின் பக்கமே நின்றது. சட்டப்படி அது மானியம் என்று நாட்டப்படவில்லை. குலை விற்பவரின் கையில் குறைந்த காசை அந்தத் தீர்ப்பு மாற்றிவிடவும் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. 1995-இல் நடைமுறைக்கு வந்த மானிய உடன்படிக்கை, ஏற்றுமதி செய்தால்தான் கிடைக்கும் என்று நிபந்தனை வைத்த மானியங்களைத் தடுக்கிறது. தலைக்குரிய ஆண்டு வருமானம் 1,000 அமெரிக்க டாலரைத் தாண்டாத ஏழை நாடுகளுக்கு விலக்கு உண்டு. இந்தியா அந்த வரம்பைத் தாண்டிவிட்டது என்று அமெரிக்கா தொடுத்த வழக்கில், 2019 அக்டோபரில் நடுவர் குழு இந்தியாவின் பல ஏற்றுமதித் திட்டங்கள் விதிக்கு மாறானவை என்றது. இந்தியா மேல்முறையீடு செய்தது. 2021 சனவரியில் பழைய திட்டமொன்றுக்கு மாற்றாக, ஏற்றுமதிப் பொருளின் மீது ஏற்கெனவே விழுந்த வரிகளைத் திருப்பித் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கருவூலத்திலிருந்து வெளிப்படையாகத் தரும் சலுகைக்கு இத்தனை தடை. விளைவிப்பவரின் விலையைக் குறைத்து மறைவாகத் தரும் சலுகைக்கோ பொதுவான தடை இல்லை. ஏற்றுமதித் தீர்வையை உலக விதிகள் பெரும்பாலும் அரசாங்கங்களின் விருப்பத்துக்கே விட்டுள்ளன. ஆகவே எளிதில் காணக்கூடியது ஒழிந்தது. காண அரியது நிலைத்தது.

மறைவாக எடுக்காமலும் ஏற்றுமதித் தொழிலை வளர்க்கலாம் என்பதற்கு மலாயாவிலேயே முன்மாதிரி உண்டு. 1952-ஆம் ஆண்டு ரப்பர் மறுநடவு நிதிச் சட்டத்தின்படி, ஏற்றுமதியான ஒவ்வொரு இறாத்தல் ரப்பருக்கும் 4½ காசு வசூலிக்கப்பட்டது. அதுவும் விளைவிப்பவரின் விலையிலிருந்தே கழிந்தது. ஆனால் சிறு தோட்டக்காரரிடமிருந்து வந்த பணம் தனி நிதியில் சேர்ந்து, கிழமரத்தை வெட்டி உயர்விளைச்சல் மரம் நட்டவருக்கு, நடவைப் பார்வையிட்டபின் தவணை தவணையாகத் திரும்பிச் சென்றது. மூவாரிலும் பத்து பகாட்டிலும் இருந்த சிறு ரப்பர்த் தோட்டங்கள் புதுப்பிக்கப்பட்டதில் அந்த நிதிக்குப் பங்குண்டு. குறையில்லா ஏற்பாடு அன்று அது. மரம் வளரும் ஆண்டுகளில் வருமானத்துக்கு வழியில்லாத மிகச் சிறிய நிலக்காரர் மறுநடவுக்குத் துணியவில்லை. அவர் கட்டிய காசு துணிந்தவருக்குப் போயிற்று. ஆயினும் எவ்வளவு எடுக்கப்பட்டது, எங்கே சேர்ந்தது, எவருக்குப் போயிற்று என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஏடு இருந்தது.

ஜொகூரில் இப்போது சலுகைகளின் புதிய பருவம் தொடங்கியிருக்கிறது. 2025 சனவரி 7-இல் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டார உடன்பாட்டை ஒட்டி, தகுதி பெறும் நிறுவனங்களுக்கு 15 ஆண்டு வரை 5 விழுக்காடு வருமான வரி என்று அறிவிக்கப்பட்டது; பொதுவான நிறுவன வரி 24 விழுக்காடு. அதே ஆண்டுத் தொடக்கம் முதல் மலேசியா, 75 கோடி யூரோவுக்குக் குறையாத வருவாயுடைய பன்னாட்டுக் குழுமங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரியையும் நடைமுறைப்படுத்தியது. மிகப் பெரியவருக்கு ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் திரும்பப் பெறும் நிலை! கூலாய் வட்டாரத்தில் செம்பனை நின்ற நிலங்களில் தரவு நிலையங்கள் எழுகின்றன.

வருமான வரிச் சலுகைகளைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம் வந்துள்ளது. 2023-ஆம் ஆண்டு பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம், அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் வரிகளின் மதிப்பை அறிக்கையாக வெளியிடப் பணிக்கிறது. 5 விழுக்காட்டுச் சலுகையின் விலை இனி ஓர் ஏட்டில் ஏறும். செம்பனைக் குலையில் கழியும் 84 வெள்ளியோ எவரும் விட்டுக்கொடுத்த வரி அன்று; ஆகவே அந்த அறிக்கையில் அதற்கு இடம் கிடைக்காது. அதைக் கணக்கிடப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் கச்சா எண்ணெயின் உள்நாட்டு விலையை வெளியிட்டு வருகிறது. தீர்வை விகிதமும் அதற்கு அடிப்படையான விலையும் மாதந்தோறும் அறிவிக்கப்படுகின்றன. குலை விலையை அறிவிக்கும் தாளிலேயே, தீர்வையால் டன்னுக்கு எவ்வளவு கழிந்தது என்று மேலும் ஒரு வரி சேர்த்து அச்சிட்டு, குலை வாங்கும் நிலையங்களின் எடைமேடைக்கு அருகில் ஒட்டி வைக்கலாம்.